பால் பொங்குவதற்குள்

பிப்ரவரி 3, திங்கள்

முப்பத்து நான்கு நொடி!

பெருந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு போனில் வெப்சைட்டும் இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சுமாக அளந்தேன். 'மறுமாலை' முதல் பக்கம் திறப்பதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றி, சில்லறைச் சண்டை ஒன்று முடிந்து, மறுபடி கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். ஏழு வருடம் கழித்து எனக்கென்று ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இதை எழுதும்போதே கை துறுதுறுக்கிறது.

மறுமாலை என்பது மறுமணத்துக்கான தகவல் மையம். ஈரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. நடத்துவது சௌந்தரம்மா, அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவனை இழந்தவர்கள், மனைவியை இழந்தவர்கள், என்னைப் போல் கோர்ட்டுப் படியேறி இறங்கியவர்கள் என்று ஆயிரத்து இருநூறு பேர் உறுப்பினர்கள். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் கோயமுத்தூரில் வெப்சைட் கட்டிக்கொண்டிருந்தவள் நான். நடுவில் நடந்ததை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை, வேறு வேலை இருக்கிறது.

சௌந்தரம்மா காலையில் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"நம்ம புள்ளைகளுக்கு போனு தனியா கைக்கு வாரதே ரெண்டு நிமிசம், கண்ணு. மாமியா கோயிலுக்குப் போன நேரம், அடுப்புல பால் வெச்சுட்டு நிக்கற நேரம், இப்படித்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்குதுக. பக்கம் சுத்திட்டே இருந்தா என்ன பண்ணும்? போனை வெச்சுட்டுப் போயிருது. போன வருசம் முழுக்கப் பத்துக் கண்ணாலம்கூட ஆகலை."

"எத்தனை நொடிக்குள்ள வரோணுங்கம்மா?"

"மூணு. இந்த மாசம் இருவத்தெட்டு வரைக்கும் உனக்கு டயம். தொறந்துச்சுன்னா வேலை உனக்கு நிரந்தரம். இல்லீனா ஒண்ணாந்தேதி சென்னைக் கம்பெனிக்காரரு வாராரு, மொத்தத்தையும் அவருகிட்ட குடுத்துப்போட்டுக் கதவைச் சாத்திக்கறேன்."

கதவு சாத்தினால் எனக்கு என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அண்ணனின் பெட்ஷீட் கடையில் பில் போடும் நாற்காலி. மூன்று வருடமாக அதைத் துடைத்து வைத்துக்கொண்டு, "எப்ப வர்றே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் நல்லவர். ஆனால் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்.

மூன்று நொடி. செய்கிறேன்!

பிப்ரவரி 4, செவ்வாய்

போட்டோக்களைத் திறந்து பார்த்தேன். அடக் கடவுளே. ஸ்டுடியோக்காரர் கொடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு பிரிண்ட் போடலாம், அவ்வளவு பெரிது. அதை உள்ளங்கை அளவு போனில் காட்டுவதற்கு வெப்சைட் மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றையும் சின்னதாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அண்ணி வாங்கி வரச் சொன்ன கொத்தமல்லியை மறந்துவிட்டேன். "வேலைக்குப் போன மொத வாரமே இப்படியா?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 5, புதன்

உறுப்பினர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் கணக்கு வேண்டும். பொய்ப் பெயர், பொய் ஊர், பொய் நட்சத்திரம் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அதனால் என் விவரத்தையே போட்டேன். கோகிலவாணி, 34, ஈரோடு. எண் 1207. போட்டோ இல்லாமல் விடமாட்டேன் என்றது. எட்டு எடுத்துப் பார்த்து, நீலச் சேலையில் இருந்ததை ஏற்றினேன். கோப்பு சின்னதாக இருந்ததால்தான்.

வேலை பார்ப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது என்று சௌந்தரம்மா சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார். முன்பு இருந்த ஒருவர் வந்த நல்ல வரன்களையெல்லாம் முதலில் தன் சொந்தக்காரர்களுக்குக் காட்டினாராம். டெஸ்ட் கணக்குக்கு அந்த விதி பொருந்தாது என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை, பாவம் வேலையாக இருந்தார்.

இருப்பதிலேயே கனமான பக்கம் எண் 846. போட்டோ மட்டும் ஒன்பதரை எம்பி! இனி அதை வைத்தே அளப்பது என்று முடிவு செய்தேன். கனமானது வேகமாக வந்தால் மற்றவை தானாக வரும்.

846 என்பவர் குமாரவடிவேல், 40, கோபிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். விளையாட்டு விழாவில் எடுத்த படம், வாயில் விசில், கன்னம் இரண்டும் உப்பி. பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் யாராவது விசில் ஊதுவார்களா! மனைவி காலமாகி ஐந்து ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறார். 'சமையல் தெரியும், ரசம் மட்டும் சரியாக வராது' என்றும். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில்: 'நிறையப் பேசுபவராக இருந்தால் நல்லது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.'

இந்த வரிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. சும்மா குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

22 நொடி. 846-ஐ பதினோரு தடவை திறந்து சராசரி எடுத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று ஒரு யுத்தம். முதல் பக்கம் திறந்ததும் மேலேயிருந்து ரோஜா இதழ்கள் கொட்டும், கூடவே கெட்டிமேளம் முழங்கும். சௌந்தரம்மாவின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்றேன்.

"பூவை நிறுத்தறதா? மங்களகரமா இருக்குதேன்னு நானே சொல்லிப் போட வெச்சது. அதெல்லாம் ஆகாது."

"அம்மா, பூக் கொட்டி முடியற வரைக்கும் எந்தப் புள்ளையாலயும் நிக்க முடியாதுங்க."

"மேளமாவது இருக்கட்டும்."

"நீங்கதானுங்க சொன்னீங்க, ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்குதுகன்னு. மாமியாளுக்குத் தெரியாம பாத்ரூம்ல போய்த் தாப்பாப் போட்டுட்டுத் தொறக்கறா, உள்ளேயிருந்து கெட்டிமேளம் கேட்டா வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

அவர் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இத்தன வருசம் ஒருத்திகூடச் சொல்லலையே. எடுத்துரு, எடுத்துரு" என்றார்.

13 நொடி! ஒரே நாளில் ஒன்பது நொடியைப் பிடுங்கி எறிந்தேன்!

846: ஒன்பது தடவை. விசில் போட்டோவைச் சின்னதாக்கிய பிறகும் முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

எழுந்து குதித்துவிட்டேன். நிஜமாகவே குதித்தேன், கீழே தையல் கடைக்காரர் மேலே என்ன இடிகிறது என்று வந்து கேட்டார்.

விஷயம் ஜாதகத்தில் இருந்தது. வீட்டில் கைப்பட எழுதிய ஜாதகத்தைக் கொண்டுவருகிறார்கள், அதை முழுக் கலரில், இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டமும் எழுத்தும்தானே வேண்டும்? கலர் எதற்கு? அத்தனையையும் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். ஒவ்வொன்றும் பத்து எம்பியிலிருந்து நாற்பது கேபிக்கு வந்துவிட்டது.

6.8 நொடி! என்னைப் போல ஒருத்தி இந்த ஈரோட்டில் இல்லை என்று இன்று ஒரு நாள் மட்டும் எழுதிக்கொள்கிறேன். சௌந்தரம்மா கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய போன் மாலை ஐந்து வரை ஓயவில்லை.

"மஞ்சள் எங்கீங்க?"

முதலில் எனக்குப் புரியவே இல்லை. எந்த மஞ்சள்? பிறகு ஒருவர் கத்திய பிறகு உறைத்தது. ஜாதகத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தானே கொடுப்பார்கள்! கலரை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. ஓரத்தில் கறுப்பு நிழல்தான் மிச்சம். பார்ப்பதற்குக் காரியப் பத்திரிகை போல இருக்கிறது. ஆயிரத்து இருநூறு நல்ல காரியத்தை ஒரே மத்தியானத்தில் துக்கச் செய்தியாக்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் மண்டி ஊரில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளை மறந்த மகராசி நான் ஒருத்திதான்.

எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அறச்சலூரிலிருந்து ஒரு அம்மா மட்டும் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, ரெண்டாங் கண்ணாலம்னா மஞ்சள் கூடாதுங்களா? அப்படி ஏதாச்சும் சட்டம் போட்டிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லீங்கம்மா, அது கம்ப்யூட்டர்ல நான் பண்ணுன தப்பு."

"இல்ல, கேட்டேன். என்ற புள்ளைக்கு மூஞ்சில இருந்த மஞ்சளை எல்லாருமாச் சேந்து ஒருக்கா அழிச்சாங்க. மூணு வருசம் கழிச்சு இந்தத் தாளுல நானா என்ற கையால தடவிக் குடுத்தேன். அதை நீங்களும் அழிக்கோணுங்களா?"

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். ஒரு நொடியைப் பிடிக்கப் போய் என்ன வேலை செய்துவைத்திருக்கிறேன்!

சௌந்தரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவசரம் வேண்டாங் கண்ணு, பாத்துப் பண்ணு" என்றார்.

பழைய ஸ்கேன்களைத் திரும்ப ஏற்றிவிட்டேன். மறுபடி 13 நொடி.

பிப்ரவரி 15, சனி

846-ஐத் திறக்கவில்லை. மனசில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். அண்ணி மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே, "என்ன, அந்தரத்துல கணக்குப் போடறே?" என்றார். ஒரு ஜாதகத் தாளில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன் அண்ணி என்றேன். "எத்தன இருக்கு? தாளு வெள்ளை, மசி, கட்டம் போட்ட செவப்பு, மஞ்சள். நாலு" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலு! ஸ்கேனரோ லட்சக்கணக்கான நிறங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. இன்று காலை ஆபீசுக்கு ஓடி, ஒவ்வொரு தாளுக்கும் அந்த நாலே நிறம் போதும் என்று அமைத்தேன். மஞ்சள் பளிச்சென்று நிற்கிறது! அதுவும் நான் வரைந்த மஞ்சள் இல்லை, அவரவர் வீட்டில் அவரவர் விரலால் தடவிய அதே மஞ்சள், விரல் இழுத்த தடத்தோடு. ஒரு தாள் அறுபது கேபிதான்.

அறச்சலூர் அம்மாவுக்கு நானே போன் செய்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "முன்னைக்கு இப்ப இன்னும் நல்லாத் தெரியுதுங்க" என்றார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை, அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

7.1 நொடி. 846: பதினாறு தடவை. விட்டுப்போன நாளையும் சேர்த்து.

பிப்ரவரி 20, வியாழன்

7 நொடியிலேயே நிற்கிறது. தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். எழுத்துரு மாற்றினேன், தேவையில்லாத குப்பையெல்லாம் கூட்டித் தள்ளினேன், அரை நொடிகூட அசையவில்லை.

அண்ணன் சாப்பிடும்போது, "ஒண்ணாந்தேதி நல்ல நாளாத்தான் இருக்குது, அன்னைக்கே கடைக்கு வந்துரு" என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மூன்றாவது தோசையை வேண்டாம் என்றுவிட்டேன். அது முறுகலாக வேறு இருந்தது.

846: முப்பத்தொரு தடவை. சராசரி துல்லியமாக வர வேண்டுமே.

பிப்ரவரி 21, வெள்ளி

7.

பிப்ரவரி 24, திங்கள்

பிடித்துவிட்டேன் திருடனை!

ஒருவர் பக்கத்தை இன்னொருவர் திறந்தால், 'இன்ன எண் உங்கள் விவரத்தைப் பார்த்துள்ளார்' என்று எஸ்எம்எஸ் போக வேண்டும். வேண்டும் என்று டிக் செய்தவர்களுக்கு மட்டும். அந்த எஸ்எம்எஸ் திட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டு மாதக்கணக்காகிறது. ஆனால் வெப்சைட்டுக்கு அது தெரியுமா? ஒவ்வொரு தடவை ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் எஸ்எம்எஸ் அனுப்பப் பார்த்து, பதில் வருமா வருமா என்று நாலரை நொடி காத்திருந்து, பிறகுதான் பக்கத்தையே காட்டுகிறது. அனுப்பாத எஸ்எம்எஸ் எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கிறது.

சௌந்தரம்மாவிடம் சொன்னதும் உடனே புதுப்பித்தார். நாளைக்குக் குவியலைச் சுத்தம் செய்ய வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று இருக்கிறது!

பிப்ரவரி 25, செவ்வாய்

2.6!

2.6! 2.6! பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று அளந்தேன். 2.7, 2.6, 2.6. வாழைப்பழக்காரரிடம் காட்டினேன். "நல்லதுங்க" என்றார், அவருக்கு என்ன புரிந்ததோ.

குவிந்து கிடந்த எஸ்எம்எஸ்களில் பழையவற்றையெல்லாம் அழித்தேன். முன்பு ஒரு பெண்ணிடம் இருந்த போன் இன்று யார் கையில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? இந்த விஷயத்தில் ரொம்ப யோசித்து நடந்துகொண்டேன் என்று எனக்கே பெருமை. இந்த மாதத்தவை மட்டும் முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. அவற்றில் ஆபத்து ஒன்றுமில்லை. அனுப்பு என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பிப்ரவரி 26, புதன்

ஐயையோ.

ஐயையோ, ஐயையோ.

காலையில் சௌந்தரம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதென்ன கெரகம்! 846 பேசுனாரு. அந்த பி.டி. மாஸ்டர். நேத்து ஒரே ஆளுகிட்டருந்து எரநூத்தி அறுவத்திமூணு எஸ்எம்எஸ்ஸாம். ஓட்டப் பந்தயம் நடக்கையில பாக்கெட்டுல போனு கிர்ரு கிர்ருன்னு நிக்கவே இல்லையாமா, தொடை மரத்துப் போச்சுங்கறாரு. 1207-ஆம். அது யாருன்னு கேக்கறாரு."

நான் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"எந்தக் கிறுக்கு கண்ணு அது? ஒரு மனுசனை எரநூத்தி அறுவத்திமூணு தடவை பாக்கறதுக்கு என்ன இருக்குது? கண்டுபுடிச்சு அந்த எண்ணைத் தூக்கிப்போடு. அடுத்து பொம்பளைப் புள்ளைக பக்கத்துலயும் இப்படி ஒருத்தன் ஆரம்பிச்சா என்ன ஆகறது?"

"பாக்கறேனுங்கம்மா" என்றேன். முந்நூற்றுச் சொச்சத்தில் யார் யாருக்கு அனுப்பியது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

பதினொன்றேகாலுக்கு என் போனில் ஒரு எஸ்எம்எஸ். 'எண் 846 உங்கள் விவரத்தைப் பார்த்துள்ளார். மறுமாலை வாழ்த்துகிறது.'

எஸ்எம்எஸ் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மாலைக்குள் இன்னும் ஐந்து சான்றுகள் வந்தன.

பிப்ரவரி 27, வியாழன்

846-இடமிருந்து எட்டு.

நான் இன்று அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. "அந்த 1207 என்னாச்சு?" என்று சௌந்தரம்மா இரண்டு முறை கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குத்தான் பரீட்சையும்.

பிப்ரவரி 28, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சௌந்தரம்மா பரீட்சையைத் தானே செய்யவில்லை. சென்னிமலைப் பக்கம் ஓர் உறுப்பினருக்குச் சொல்லிவைத்திருந்தார். பெயர் வேண்டாம். கணவர் போய் நாலு வருடம், மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் பால் காய்ச்சும் நேரம் மட்டும் சமையலறையில் தனியாக இருப்பாள். அப்போது திறந்து பார்த்துவிட்டுப் பேசச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே நான் ஆபீசில் இருந்தேன். ஏழு பத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பெண் கிசுகிசுவென்று பேசினாள். "அம்மா, பால் பொங்கறதுக்குள்ள நாலு பேரைப் பாத்துட்டேனுங்க! ஜாதகத்தோட! ரெண்டு வருசத்துல ஒருத்தரைக்கூட முழுசாப் பாத்ததில்லீங்க." பிறகு, "வெச்சுடறேனுங்க, அத்தை வாராங்க."

நானும் சௌந்தரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து வழித்துத் திருஷ்டி கழித்தார். சென்னைக்காரருக்கு என் எதிரிலேயே போன் போட்டு, "நீங்க வரவேண்டியதில்லீங்க, நாங்களே நடத்திக்கறோம்" என்றார். அப்புறம் ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிரந்தர வேலைக்கான உத்தரவு. நேற்றே டைப் அடித்து வைத்திருக்கிறார்! ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அந்தத் தாளை வாங்க என் கை போகவில்லை.

"அம்மா, 1207 நான்தானுங்க."

சொல்லிவிட்டேன். டெஸ்ட் கணக்கு, என் விவரம், நீலச் சேலை, எல்லாம். அவர் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை.

"எல்லாப் பொண்ணுகளோட வெவரமும் உன்ற கையில இருக்குது. வேலை பாக்கறவ மெம்பராவும் இருந்தா, நாளைக்கு என்னை எவ நம்புவா? ரெண்டுல ஒண்ணுதான் கண்ணு. நீயே சொல்லு."

ஒரு நிமிடம், பொய் சொல்ல மாட்டேன், மனது கோபிப் பக்கம் போய் வந்தது. பிறகு அந்தச் சமையலறையும் அறச்சலூர் அம்மாவின் குரலும் நினைவுக்கு வந்தன. இந்த வேலை எனக்கு வேண்டும். ஒருவரைக் கட்டிக்கொண்டுதான் என் காலில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை.

"வேலைதானுங்கம்மா."

சாயங்காலம் கிளம்பும்முன் 1207-ஐ நானே அழித்தேன். 'இந்த உறுப்பினரை நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று தட்டினேன். 0.4 நொடியில் போய்விட்டது. இன்று மட்டும் அது கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம்.

அதற்கு முன் இன்று 846-இடமிருந்து ஐந்து வந்திருந்தது. மூன்று நாளில் மொத்தம் பத்தொன்பது.

அண்ணனிடம் வேலை நிரந்தரம் என்றேன். "சரி, அந்த நாக்காலியைக் குடோனுக்கு அனுப்பிடறேன்" என்றார். அண்ணி பாயசம் வைத்தார். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். நிஜமாக.

மார்ச் 1, சனி

ஆபீசில் முதல் நிரந்தர நாள். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மற்றவை துவைக்கப் போட்டிருக்கின்றன.

வந்ததும் சௌந்தரம்மா, "பதினோரு மணிக்கு 846 நேர்ல வாராரு. நடந்த தப்புக்கு வெளக்கம் சொல்லோணுமில்ல, நாந்தான் வரச் சொன்னேன்" என்றார்.

"நீங்க சொல்லிருவீங்கதானுங்களே?"

"எனக்கு பேங்குல வேலை இருக்குது. கம்ப்யூட்டர் வெவரமெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஆபீசுக்கு வார மெம்பருக்கு டீ குடுத்து பதில் சொல்றது ஸ்டாப் வேலை. அதுக்கு எந்தத் தடையும் செவுத்துல எழுதலை." பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கு பேங்கில் அவருக்கு என்ன வேலையோ.

பதினொன்றுக்குச் சரியாகப் படியில் காலடிச் சத்தம், இரண்டிரண்டு படியாக. விசில் இல்லை. வெள்ளைச் சட்டை, புருவத்தில் அதே தழும்பு. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க… நேத்து சாயங்காலத்துல இருந்து காணம்."

"உக்காருங்க சார்" என்றேன். கீழேயிருந்து டீ வந்தது. காலையிலிருந்து மனதுக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்த விளக்கத்தைச் சொன்னேன், ஒரே மூச்சில். "அது டெஸ்டுங்க சார். இருக்கறதுலயே உங்க பக்கம்தான் கனம். அதை வெச்சு வேகம் அளந்தேன். எஸ்எம்எஸ் எல்லாம் மொத்தமாப் போயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. அந்தக் கணக்கையும் எடுத்துட்டோம்."

அவர் முகம் மெல்ல மாறியது. டீயைப் பாதியில் வைத்தார்.

"டெஸ்டுங்களா." சிரிக்கப் பார்த்தார். "நான் புகார் சொல்றதுக்காகப் போன் பண்ணலைங்க. அம்மா அப்படி எடுத்துக்கிட்டாங்க போல. சும்மா, யாரோ இத்தன தடவை பாத்திருக்காங்களேன்னு… எங்க வீட்டுக்குப் பால்காரர் தவிர யாரும் ரெண்டாந் தடவை வாரதில்லீங்க. சரிங்க. வெப்சைட்டு நல்லா வேகமா இருக்குது. நான் வாரேன்."

எழுந்துவிட்டார். வாசலைத் தாண்டி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

நாள் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய் இது. அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. இவர் இறங்கிப் போய்விட்டால் நான் நிம்மதியாக வேலை பார்க்கலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை, இந்த நோட்டுக்குக்கூட.

"சார்!"

திரும்பினார்.

"டெஸ்டுக்கு நாப்பது தடவை பாத்தாப் போதுமுங்க."

அவர் மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப மிச்சம் எரநூத்தி இருவத்திமூணு?"

"அது நான் பாத்ததுங்க."

அவர் செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது. நான் இன்னும் இரண்டு சொல்லக் கீழே ஓடினேன்.